எரிக் என்னும் பெயருடையோர்: செம்பாக்கம் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் பகுதிகளில் பிறந்த குழந்தைக்கு இன்னும் பெயர் முடிவாகாத வீடுகளின் பெற்றோருக்கும், அவர்களைவிட அதிகமாக அதுபற்றிக் கவலைப்படும் தாத்தா பாட்டிகளுக்கும் எழுதியது இம்மடல்.

குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இன்று பெரும்பாலும் மூன்று அளவுகோல்களிடம் விடப்பட்டிருக்கிறது. பெயருக்கு என்ன பொருள் என்று பெயர்ப் புத்தகமோ கைப்பேசியோ சொல்வது முதலாவது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டினால் வரும் எண் ராசியானதா என்று நியூமராலஜி பார்ப்பவர் சொல்வது இரண்டாவது. தெருவில் வேறெந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்னும் விருப்பம் மூன்றாவது. இவை எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதைத் தமிழ்ப் பெயர் ஒன்றைக் கொண்டு சோதிக்கப் புகுந்தால் சாதி, சமயம், குலதெய்வம் என்று பேச்சு திசைமாறிவிடும் என்பதால், இம்மடல் வேண்டுமென்றே தொலைதூரத்துப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. நோர்வே, சுவீடன், டென்மார்க், ஐசுலாந்து, பின்லாந்து ஆகிய ஐந்தையும் சேர்த்து நோர்டிக் நாடுகள் என்பர். அந்நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆண் பிள்ளைகளுக்கு இடப்பட்டு வரும் 'எரிக்' என்பதே அப்பெயர். தமிழ்க் காதுக்கு அது புதியதும் அன்று. கிறித்தவக் குடும்பங்களில் அப்பெயருடையோர் உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்கள் உளவியலாளர் எரிக்சனின் கோட்பாட்டை மனப்பாடம் செய்திருப்பார்கள். சென்னையிலும் ஆய்வு மையம் வைத்திருக்கும் சுவீடன் நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சன், 1876இல் அதைத் தொடங்கிய லார்ஸ் மாக்னுஸ் எரிக்சனின் குடும்பப் பெயரைத் தாங்கியது. இலங்கைப் போர்ச் செய்திகளை ஒரு காலத்தில் நாள்தோறும் படித்தவர்களுக்கோ எரிக் என்றால் ஒரே ஒருவர்தான்.

முதலில் பொருள். பழைய நோர்சு, அதாவது வைகிங்குகள் எனப்படும் கடலோடிகளின் காலத்தில் நோர்வேயிலும் ஐசுலாந்திலும் வழங்கிய மொழி, இப்பெயரை 'எய்ரிக்ர்' என்று ஒலித்தது. அதன் பின்பகுதி ஆளும் வலிமையைக் குறிக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. முன்பகுதி 'என்றும்' என்பதா 'ஒற்றை' என்பதா என்பதில் அறிஞர்கள் ஒருமுகப்படவில்லை. ஆகவே 'என்றென்றும் ஆள்பவன்' என்றும் 'தனித்து ஆள்பவன்' என்றும் இருவகையாகப் பொருள் உரைக்கப்படுகிறது. பெயர்ப் புத்தகத்தில் ஒற்றை வரியாக அச்சாகும் பொருளுக்குப் பின்னால் இப்படி முடியாத வழக்குகள் பல இருக்கும் என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்வது நல்லது.

இப்பெயரின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று தமிழருக்கு நன்கு பழகிய வடிவத்தில் உள்ளது. இன்றைய வட செருமனியில், ஒரு காலத்தில் டென்மார்க்கின் பெரிய வணிகத் துறைமுகமாக விளங்கிய ஹேதபி என்னும் இடத்தருகே, ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த எழுத்துக்கல் ஒன்று கிடைத்தது. அதில் உள்ளவை ரூன் எழுத்துகள், அதாவது கல்லிலும் மரத்திலும் வெட்டுவதற்கு ஏற்ப நேர்கோடுகளால் அமைந்த பழைய வடபுல வரிவடிவம். சுவென் என்னும் தலைவனின் வீரனான தோருல்வ், ஹேதபியை முற்றுகையிட்டபோது மாண்ட தன் தோழன் எரிக்கின் நினைவாக அக்கல்லை நாட்டினான் என்றும், அந்த எரிக் கப்பல் நடத்துபவன், நல்ல வீரன் என்றும் அது கூறுகிறது. நட்டவன் யார், பட்டவன் யார், எந்தப் பூசலில் பட்டான், எத்தகையவன் என்னும் நான்கு செய்திகளையும் இதே போக்கில் சொல்லும் நடுகற்கள் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் நிறைய உண்டு. அந்தக் கல்லில் இருக்கும் எரிக் எதையும் ஆண்டவன் அல்லன். தோழன் ஒருவன் கல் நட்டு நினைக்குமளவு வாழ்ந்தவன், அவ்வளவே.

ஆண்டவர்களின் கதை வேறு. பத்தாம் நூற்றாண்டில் நோர்வேயை ஆண்டு, அங்கிருந்து விரட்டப்பட்டு, பின்னர் இங்கிலாந்தின் யார்க் நகரையும் இழந்த 'குருதிக்கோடரி' எரிக் 954இல் கொல்லப்பட்டதாகக் கொள்வர். சுவீடனின் ஒன்பதாம் எரிக் 1160 மே 18 அன்று வெட்டுண்டு இறந்து, ரோமின் முறையான அறிவிப்பு இல்லாமலேயே மக்களால் புனிதராக்கப்பட்டார். ஸ்டாக்ஹோம் நகரின் காவலர் இன்றும் அவர்தான். போமரேனியாவின் எரிக்கோ பிறக்கும்போது எரிக்கே அல்லர். போகுஸ்லாவ் என்னும் ஸ்லாவியப் பெயருடன் பிறந்த அச்சிறுவனைத் தத்தெடுத்த அரசி மார்கரேத்தே, வடபுலத்தார் ஏற்றுக்கொள்ளக் கூடிய பெயர் வேண்டும் என்பதற்காக எரிக் என்று மாற்றினார். அவர் 1397இல் கால்மார் நகரில் டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளின் பொது மன்னராக முடிசூட்டப்பட்டு, மூன்றிலும் பதவி பறிக்கப்பட்டு, காட்லாந்து தீவில் கடற்கொள்ளையால் பத்தாண்டு காலம் தள்ளி, பிறந்த மண்ணுக்கே திரும்பி 1459இல் இறந்தார். ராசிக்காகப் பெயர் மாற்றிக்கொள்வோர் இவர் வரலாற்றை ஒருமுறை படிக்கலாம். சுவீடனின் பதினான்காம் எரிக் 1560இல் பட்டமேறினார், இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தை மணக்கத் தூது மேல் தூது விட்டார், எட்டே ஆண்டுகளில் தம்பியால் வீழ்த்தப்பட்டுச் சிறையில் மாண்டார். பதினான்கு என்னும் அந்த எண்ணும் மெய்யன்று. யோகான்னஸ் மாக்னுஸ் என்னும் பேராயர் கற்பனை அரசர்களையும் சேர்த்து எழுதிய வரலாற்று நூலின் கணக்கு அது. 'என்றென்றும் ஆள்பவன்' என்னும் பொருள், இவர்களுள் ஒருவருக்கும் பலிக்கவில்லை.

இவர்களைவிடப் புகழ்பெற்றவர் முடி சூடாத ஒருவர். செந்தலை எரிக் எனப்படும் எரிக் தோர்வால்ட்சன், கொலைப் பழியால் நோர்வேயை விட்டு வெளியேறிய தந்தையுடன் ஐசுலாந்துக்கு வந்து, அங்கும் கொலை செய்து மூன்றாண்டு நாடு கடத்தப்பட்டு, அக்காலத்தில் மேற்கே ஒரு பெருநிலத்தைச் சுற்றிப் பார்த்தவர். அந்நிலத்தின் பெரும்பகுதி பனிப்பாறையே ஆயினும், பெயர் நன்றாக இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்று கருதி அதற்குப் 'பசும் நிலம்' என்னும் பொருள்பட கிரீன்லாந்து என்று அவர் பெயரிட்டதாக ஐசுலாந்தின் பழைய உரைநடைக் கதைகளான சாகாக்கள் சொல்கின்றன. மேடவாக்கம் சாலையில் மரமே இல்லாத மனைப்பிரிவுகளுக்குப் பசுமை சொட்டும் பெயர்ப்பலகை வைப்போருக்கு இவரே முன்னோடி எனலாம். அவரை நம்பி ஏறத்தாழ 985இல் 25 கப்பல்கள் புறப்பட்டன. போய்ச் சேர்ந்தவை 14. அவர் மகன் லெய்வ், கொலம்பசுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வட அமெரிக்கக் கரையை அடைந்தவர். உலகம் அவரை அறிவது லெய்வ் எரிக்சன், அதாவது எரிக்கின் மகன் லெய்வ் என்னும் பெயரால்.

இந்த 'எரிக்கின் மகன்' என்னும் இடத்தில்தான் செம்பாக்கத்துக்கும் வடபுலத்துக்கும் இடையே எதிர்பாராத உறவு ஒன்று தென்படுகிறது. தந்தையின் பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்த்துப் பிள்ளைக்கு அடையாளப் பெயர் அமைப்பதைத் தந்தைவழிப் பெயரீடு என்பர். எரிக்கின் மகன் யோன் எனில் அவன் யோன் எரிக்சன். யோனின் மகன் பெர் எனில் அவன் பெர் யோன்சன். தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறிக்கொண்டே போகும். நோர்டிக் நாடுகள் அனைத்திலும் ஒரு காலத்தில் பரவியிருந்த இவ்வழக்கத்தை அரசாங்கங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தின. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் பரம்பரையாக மாறாத குடும்பப் பெயர் வசதி என்பதால், டென்மார்க் 1828இலும், சுவீடன் 1901இலும், நோர்வே 1923இலும் சட்டம் செய்து குடும்பப் பெயரை நிலைப்படுத்தின. அந்த ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஓர் எரிக்குக்குப் பிறந்தவர்களின் வழிவந்தோர், தங்கள் தந்தை எரிக்காக இல்லாதபோதும், இன்றுவரை எரிக்சன்களாகவே இருக்கிறார்கள். ஐசுலாந்து மட்டும் பழைய முறையைக் கைவிடவில்லை. அங்கே எய்ரிகுர் என்பவரின் மகன் எய்ரிக்ஸன், மகள் எய்ரிக்ஸ்தோத்திர். தாயின் பெயரைச் சேர்ப்பதும் உண்டு. தொலைபேசிப் பட்டியலே முதற்பெயர் வரிசையில் அச்சானது. 1980 முதல் 1996 வரை குடியரசுத் தலைவராக இருந்த பெண்மணியை நாடே விக்தீஸ் என்று முதற்பெயரால்தான் அழைத்தது, ஏனெனில் பின்பெயர் அவருடையதன்று, அவர் தந்தையுடையது.

தமிழ்நாட்டு இனிஷியல் முறை இதற்கு உடன்பிறப்பு. சாதிப் பின்னொட்டைக் களைந்த பிறகு தமிழருக்கு எஞ்சியது தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான், மு. கருணாநிதி என்பதில் முத்துவேலர் தந்தை, குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. ஆனால் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அதில் பலரும் தந்தை பெயரையே எழுதிவிடுகிறார்கள். விளைவாக, சேலையூரிலிருந்து வேலைக்காக ஸ்டாக்ஹோம் போகும் இளைஞர் அங்குள்ள பதிவேடுகளில் தம் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டவர் ஆகிறார். அவர் குழந்தைக்குத் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக ஒட்டிக்கொள்கிறது. சுவீடனில் சட்டம் போட்டு நடந்தது, தமிழருக்கு ஒரு விண்ணப்பக் கட்டத்தால் நடந்துகொண்டிருக்கிறது. இதைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் தெரியாமல் நடக்க விடுவது சரியன்று. இனிஷியல் ஒரு தமிழ் அடையாளம் என்பதால்தான் அதையும் தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணை வெளியிட்டது. அந்த ஆணையை வீட்டில் யாரேனும் மதித்திருக்கிறார்களா என்பதைக் குழந்தைகளின் நோட்டுப் புத்தக அட்டைகளே சொல்லும்.

எரிக் தமிழகத்துக்கு எந்த வழியில் வந்தது என்பதும் சிந்திக்கத் தக்கது. டேனியர் தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்தனர்; சுவீடன் நாட்டுத் திருச்சபையினர் பின்னர் வந்து தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921இல் முதல் பேராயராக எர்ன்ஸ்ட் ஹூமனைத் தந்தனர், 1956இல் ராஜா மாணிக்கம் அப்பதவிக்கு வரும்வரை சுவீடன் நாட்டவரே அதில் இருந்தனர். இவ்வளவு நீண்ட உறவு இருந்தும், மதம் மாறிய தமிழர் வடபுலத்தாரின் பழம்பெயர்களை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் விரும்பியவை ஆரோன், தேவசகாயம், ஞானப்பிரகாசம் போன்ற விவிலியப் பெயர்களும் தமிழாக்கப் பெயர்களும். இங்குள்ள எரிக்குகள் இங்கிலாந்து வழியாக வந்தவர்களாகவே இருக்க வேண்டும். அங்கேயும் அரிதாகிப்போயிருந்த அப்பெயரை, பள்ளி மாணவன் ஒருவனின் வீழ்ச்சியைச் சொல்லி 1858இல் வெளிவந்த, ஃபாரர் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நாவல் மீண்டும் பரப்பியது என்பர். கதாநாயகன் மெல்ல மெல்லக் கெட்டழிந்து இறந்துபோகும் கதையைப் படித்துவிட்டும் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அப்பெயரை வைத்தார்கள் என்பது பெயர்ப் பொருள் பார்ப்போர் விளக்க வேண்டிய விந்தை. ஆங்கிலத்தில் 'சி' என்னும் எழுத்தில் முடியும் வடிவமே இவ்வழியில் வந்தது. வடபுல வடிவம் 'கே'யில் முடிகிறது. நியூமராலஜி இவ்விரண்டுக்கும் வேறுவேறு எண் சொல்லும், தமிழ் எழுத்தில் இரண்டும் எரிக்தான்.

பெயருக்கும் தன் அடையாளத்துக்கும் உள்ள தொடர்பைத் தன் வாழ்க்கையிலேயே ஆராய்ந்த எரிக் ஒருவர் உண்டு. 1902இல் செருமனியின் ஃபிராங்ஃபுர்ட் நகரில், டென்மார்க் யூதப் பெண்மணி ஒருவருக்குப் பிறந்த அவருக்குத் தன்னைப் பெற்ற தந்தை யார் என்பது இறுதிவரை தெரியவில்லை. முதலில் தாயின் கணவர் பெயரால் சாலமன்சன், பின்னர் வளர்ப்புத் தந்தையின் பெயரால் ஹோம்புர்கர் என்று அழைக்கப்பட்டார். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற 1939ஆம் ஆண்டளவில், அவர் தம் பெயரை எரிக் எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக், அதாவது தனக்குத் தானே தந்தை. மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்து, வளரிளம் பருவத்தின் சிக்கல் 'நான் யார்' என்னும் அடையாளக் குழப்பமே என்று அவர் சொன்னது, இன்று பி.எட். வகுப்பறைகளில் எட்டு வரி அட்டவணையாகச் சுருங்கி மதிப்பெண்ணுக்கு உதவுகிறது. அந்த அட்டவணைக்குப் பின்னால், பள்ளியில் யூதன் என்றும் யூதர் கோயிலில் அயலான் என்றும் கேலி செய்யப்பட்ட நீலக்கண் சிறுவன் ஒருவன் இருக்கிறான் என்பதைச் சேர்த்துச் சொன்னால் மாணவருக்கு அது மறக்காது. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் காந்தி நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்து அவர் 1969இல் வெளியிட்ட நூல் புலிட்சர் பரிசு பெற்றது.

இனி, தமிழர் மறக்க இயலாத எரிக். 1955இல் ஓஸ்லோவில் பிறந்து, சோசலிச இடதுசாரிக் கட்சியின் தலைவராக இருந்த எரிக் சொல்ஹெய்ம், இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நோர்வே ஏற்ற அனுசரணைப் பணியின் முகமாக 2000ஆம் ஆண்டில் அறியப்பட்டார். அனுசரணையாளர் என்பவர் தீர்ப்புச் சொல்லும் நடுவர் அல்லர். இரு தரப்பும் பேசுவதற்கு வழிசெய்து கொடுப்பவர் மட்டுமே. அவ்வேறுபாடு அன்று பலருக்கும் புரியவில்லை அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. 2000 நவம்பரில் அவர் வன்னிக்குச் சென்று புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சந்தித்தார். 2002 பிப்ரவரி 22 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதைக் கண்காணிக்க நோர்டிக் நாடுகள் ஐந்திலிருந்தும் ஆட்கள் வந்தனர். தாய்லாந்திலும் ஓஸ்லோவிலும் பெர்லினிலும் ஜப்பானிலுமாக 2003 மார்ச் வரை ஆறு சுற்றுப் பேச்சுகள் நடந்து, அதன்பின் நின்றுபோயின. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும் அதன் உறுப்பு நாடுகளான சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகியவற்றின் கண்காணிப்பாளர்கள் வெளியேற நேர்ந்தது. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தை முறித்தது. போர் முடிவுற்ற 2009 மே 18 என்னும் நாளைத் தமிழர் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. சுவீடன் நாள்காட்டியில் பெரும்பாலான நாட்களுக்குப் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். மே 18 அங்கே எரிக்கின் நாள். இது தற்செயல், இதற்கு உட்பொருள் தேடுவது நியூமராலஜியைவிட மோசமான வேலை.

கொழும்பில் சொல்ஹெய்மைப் புலிகளின் ஆள் என்றார்கள், தமிழர் தரப்பில் காலம் கடத்திக் காட்டிக்கொடுத்தவர் என்றார்கள். நோர்வே தன் முயற்சியைத் தானே மதிப்பிடச் செய்து 2011இல் வெளியான ஆய்வு, வலிமையற்ற நாடு ஒன்று பெரிய ஆட்டத்தில் காயாக நின்றதை மறைக்காமல் பதிவு செய்தது. வலிமை ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்த பிறகும் சமநிலை இருப்பதுபோல் நடந்துகொண்டதே அனுசரணையின் பெருங்குறை என்பதே நியாயமான முடிவு. அந்தக் குறையை ஒரு மனிதரின் பெயரில் எழுதிவைப்பது, கொழும்பையும் கிளிநொச்சியையும் டெல்லியையும் கணக்கிலிருந்து விடுவிப்பதாகும். பின்னர் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவரான அவர், பயணச் செலவுகள் குறித்த தணிக்கையை அடுத்து 2018 நவம்பரில் பதவி விலகினார். தமிழ்நாட்டில் முதலமைச்சர் தலைமையில் 2022இல் அமைந்த காலநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழுவின் உறுப்பினர்களுள் ஒருவராக அதே எரிக் சொல்ஹெய்மும் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் காக்கப்பட வேண்டிய நீர்நிலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புள்ள செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் போய்ச் சேருவது அந்தச் சதுப்புநிலத்தில்தான். வன்னிக் காட்டில் ஒரு போருக்கு முடிவு தேடிய பெயரும், செம்பாக்கத்துக் கலங்கலில் வழியும் நீரும் ஒரே அரசாங்கக் கோப்பின் எல்லைக்குள் வரும் என்று எந்தப் பெயர்ப் புத்தகமும் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே பெற்றோருக்கு இம்மடலின் வேண்டுகோள் சுருக்கமானது. பெயரின் பொருளைப் பாருங்கள், ஆனால் அதை வரமாகக் கொள்ளாதீர்கள்; அப்பெயருடையோர் யார் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் விசாரியுங்கள், வீட்டுப் பெரியவர்களிடமிருந்தே அதைத் தொடங்கலாம். எண்ணுக்காக எழுத்தைக் கூட்டிக் குறைத்து எழுதினால், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்று பிள்ளை வாழ்நாள் முழுவதும் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். தந்தை பெயரையோ தாய் பெயரையோ முதலெழுத்தாக மட்டும் விடாமல் முழுமையாக எப்படி எழுதப்போகிறீர்கள், அது எந்தக் கட்டத்தில் போகப்போகிறது என்பதை இப்போதே முடிவு செய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

செம்பாக்கம் நகராட்சி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், பிறப்புப் பதிவு தொடர்பான பணிகள் இப்போது மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளன. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பதியலாம், அப்போது பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரையும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பெயர் இல்லாத சான்றிதழ் வீட்டில் இருந்தால், இந்த மாதமே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.